முதல் நாட் செய்தி: பொலிசாரின் பலாத்காரமும் பொதுமக்கள் அபிப்பிராயமும்



பொலிசார் ஒரு கூட்டத்தின்மீது தடியடி நடத்தினர், அல்லது சுட்டனர் என்னும் செய்தியை நம்மிற் பெரும்பாலோர் நேரிற் கண்டு அறிவதில்லை. அவ்விடத்தில் நின்றோர் சில நூறு பேர். பத்திரிகையில் வாசிப்போரும் வானொலியிற் கேட்போரும் பல இலட்சம். நின்றவர்களும் தாம் நின்ற மூலையிலிருந்து தெரிந்ததையே கண்டவர்கள். புகையும் கூச்சலும் ஓட்டமுமாயிருந்த அந்த நேரத்தில் முதலில் நடந்தது எது, பின்னர் நடந்தது எது என்று அவர்களாலேயே நிச்சயித்துச் சொல்ல முடிவதில்லை. ஆயினும் மறுநாட் காலையில் நாம் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்பொழுது எல்லாம் நிச்சயமாகிவிடுகிறது. தொடக்கியவர் யார், தற்காத்துக்கொண்டவர் யார், இறந்தவர் எத்தனை பேர், அவர்கள் எத்தகையோர் என்பன ஐந்தாறு வாக்கியங்களில் ஒழுங்காக அமைந்துவிடுகின்றன. அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பொதுப்படப் பேசினால் இப்பொருள் கைக்கு அகப்படாது போய்விடும். ஆதலால் ஒரு சம்பவத்தை எடுத்துச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன். அது நடந்த இடம் அமெரிக்காவின் சிக்காகோ நகரம். நாள், 1937 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. போரில் மாண்ட தம் வீரரை அமெரிக்கர் நினைவுகூரும் விடுமுறை நாள் அது.

அந்நாட்டின் உருக்குத் தொழிலாளர் அக்காலத்திலேதான் சங்கம் அமைத்துத் தலைநிமிர்ந்து வந்தனர். தொழிலாளர் தாம் விரும்பிய சங்கத்திற் சேரவும் அதன் மூலம் பேரம் பேசவும் 1935 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று உரிமை அளித்திருந்தது. 1937 ஏப்ரலில் அந்நாட்டின் உயர்நீதிமன்றமும் அச்சட்டம் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. அதற்கு முந்திய மாதமே, அத்தொழிலிற் பெரியதான யுனைற்றெட் ஸ்ரேற்ஸ் ஸ்ரீல் கொம்பனி வேலைநிறுத்தமின்றியே சங்கத்துடன் ஒப்பந்தஞ் செய்துகொண்டது. அதற்கு அடுத்த நிலையிலிருந்த கொம்பனிகள் சில இணங்க மறுத்தன. அவற்றைச் ‘சிறிய உருக்கு’ என அழைத்தனர். பெயரிலேதான் சிறுமை, பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்த கொம்பனிகள் அவை. அவற்றுட் பிடிவாதத்தில் முன்னின்றது ரொம் கேர்ட்லர் என்பவரைத் தலைவராகக் கொண்ட ரிப்பப்ளிக் ஸ்ரீல் கொம்பனி. மே 26 ஆந் திகதி வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஆலைகள் பல மூடப்பட்டன. தென் சிக்காகோவிலிருந்த ரிப்பப்ளிக் ஆலையோ, வேலைக்கு நின்றோரை உள்ளேயே தங்கவைத்துக்கொண்டு இயங்கியது. வாயிலில் மறியல் செய்ய வந்தோரை நகரப் பொலிசார் தடுத்து வந்தனர்.

ஞாயிறு பிற்பகலில் ஆலைக்குச் சற்றுத் தொலைவில், ‘சாம்ஸ் பிளேஸ்’ என்னும் கட்டடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. முன்னர் மதுச்சாலையும் நடன மண்டபமுமாயிருந்த அது, வேலைநிறுத்தத்தின்போது சங்கத்தின் தலைமையிடமாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்திருந்தனர். விடுமுறையாதலின் பலர் மனைவி மக்களோடு வந்திருந்தனர். கூட்டம் முடிந்ததும், மறியல் செய்யும் உரிமையை நிலைநாட்டுவோம் என்று, அமெரிக்கக் கொடிகளை முன்னே பிடித்துக்கொண்டு, வெளியினூடாக ஆலையை நோக்கி நடந்தனர். இடையில் இருநூறுக்கு மேற்பட்ட பொலிசார் வரிசையாக நின்று மறித்தனர். சில நிமிடம் வாதம் நடந்தது. பின்வரிசையிலிருந்து ஏதோ ஒன்று வீசப்பட்டது. கண்ணீர்ப்புகைக் குண்டுகள் பறந்தன, துப்பாக்கிகள் வெடித்தன, ஓடியவர்கள்மீதும் விழுந்தவர்கள்மீதும் தடிகள் இறங்கின. அன்றும் அடுத்து வந்த வாரங்களிலுமாகப் பத்துப் பேர் இறந்தனர். மேலும் முப்பது பேர் குண்டுக் காயங்களோடு உயிர் தப்பினர். பொலிசாரில் முப்பத்தைந்து பேர் காயமடைந்ததாகச் சொல்லப்பட்டது. அவர்களுள் ஒருவருக்கேனும் துப்பாக்கிக் காயம் இல்லை.

நான் இப்பொழுது சொன்ன வரிசையில், சொன்ன சொற்களில், மறுநாட் பத்திரிகைகளில் இச்செய்தி வரவில்லை. சிக்காகோவின் பெரும் பத்திரிகையான ‘சிக்காகோ ரிபியூன்’ ஆலையைத் தாக்க வந்த கலகக் கும்பல் ஒன்றைப் பொலிசார் எதிர்த்து நின்றதாக எழுதியது. நிதானத்துக்குப் பேர்போன ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையின் தலைப்பிலும் சண்டையிட்டோர் வேலைநிறுத்தக்காரர். தடுக்கப்பட்டது ஒரு கும்பல். ஊர்வலத்தார் ஆலையைக் கைப்பற்றவே வந்தனர் என்னும் பொலிசாரின் கூற்று, கூற்று என்னும் நிலையிலிருந்து ஒரே இரவில் நடந்த சம்பவம் என்னும் நிலைக்கு ஏறிவிட்டது. வாசித்தவர் என்ன செய்வார்? தூரத்து ஊரில் இருக்கும் ஒரு வழக்கறிஞருக்கோ ஆசிரியைக்கோ பத்துப் பத்திரிகைகளை ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை; ஒப்பிட்டாலும் பத்தும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின.

இதனைப் பத்திரிகைக்காரரின் வஞ்சகம் என்று முடிவுகட்டுவது எளிது. முதலாளிமார் பக்கம் சாய்ந்த பத்திரிகைகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் வஞ்சகமே இல்லாத இடத்திலும் இது நிகழும், அதுவே கவனிக்கத்தக்கது. செய்தியாளர் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பத்திரிகை அச்சேறும் நேரம் நெருங்குகிறது. காயப்பட்டவர்கள் வைத்தியசாலையில், பலர் காவலில். அவர்களை அணுக வழியில்லை. இறந்தவர்கள் பேசார். ஓடித் தப்பியவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்தாலும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வர். பொலிஸ் நிலையத்திலோ விளக்கு எரிகிறது. பதில் சொல்ல ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். எண்ணிக்கையும் பெயரும் நேரமும் அவர் கையில் ஆயத்தமாய் இருக்கின்றன. அவர் சொன்னதாக எழுதினால் நாளை அவதூறு வழக்கு வரும் என்ற அச்சமும் குறைவு. ஆகவே முதற் பந்தி அவருடையதாகிறது. மற்றவர் எவரேனும் பின்னர் வாய்திறந்தால், அவர் அந்த முதற் பந்திக்கு மறுப்புரைப்பவராகவே வரவேண்டியிருக்கிறது. ஜமேக்காவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அறிஞர் ஸ்ருவார்ட் ஹோல் தம் சகாக்களுடன் 1978 இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை நன்கு ஆராய்ந்திருக்கிறார். அதிகாரத்தில் இருப்போர் ஒரு சம்பவம் இன்னது என்று முதலில் வரையறுத்துவிடுகின்றனர். பின்னர் நடக்கும் விவாதமெல்லாம் அவ்வரையறைக்கு உள்ளேயே நடக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிபு.

சிக்காகோவின் கதை இத்தோடு முடிந்திருக்கும், அந்த வெளியிலே ஒரு கமரா நின்றிராவிட்டால்.

நம் ஊர்த் திரையரங்குகளில் முன்னாளிற் பிரதான படத்துக்கு முன்னே செய்திப்படம் காட்டுவர். மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவிலும் அவ்வாறே. பரமவுண்ட் நிறுவனத்தின் செய்திப்படப் பிரிவைச் சேர்ந்த ஓர்லாண்டோ லிப்பேர்ட் என்னும் படப்பிடிப்பாளர் அன்று அங்கே இருந்து நிகழ்ந்ததைப் படமெடுத்தார். நாடெங்கும் வாதத்துக்குரியதாயிருந்த ஒரு நிகழ்ச்சியின் படம் அந்நிறுவனத்தின் கையில் இருந்தது. எந்தச் செய்தி நிறுவனத்துக்கும் அது கிடைத்தற்கரிய பொருள். ஆயினும் பரமவுண்ட் அதனைத் திரையிடவில்லை. நெருக்கமாகக் கூடியிருக்கும் திரையரங்குகளில் இதனைக் காட்டினால் ஜனங்கள் கொதித்தெழுந்து கலகம் விளையக்கூடும் என்பது அவர்கள் கூறிய காரணம். பொய்யான காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பத்துப் பேரின் சாவைக் கண்ணாற் கண்டால் என்ன விளையும் என்று அஞ்சியவர்கள், அப்பத்துப் பேரும் கலகக்காரர் என்று நாடு முழுவதும் வாசித்ததால் என்ன விளையும் என்று அஞ்சியதாகத் தெரியவில்லை.

பேச்சுரிமையும் தொழிலாளர் உரிமையும் மீறப்படுவதைப்பற்றி விசாரிக்க அமெரிக்க செனெற் சபையின் துணைக்குழு ஒன்று 1936 முதல் இயங்கி வந்தது. விஸ்கொன்சின் மாகாணத்தின் ரொபேட் லா பொலெற் அதன் தலைவர். அக்குழு தன் அதிகாரத்தைக் கொண்டு படச்சுருளை வரவழைத்தது. குழுவினர் தனியாகப் பார்த்த அப்படத்தில் இருந்தது என்ன என்பதை, ‘சென்ற் லூயிஸ் போஸ்ற் டிஸ்பாச்’ பத்திரிகையின் போல் அண்டர்சன் எப்படியோ அறிந்துகொண்டு யூன் மாத நடுப்பகுதியிற் கட்டுரையாக வெளியிட்டார். எண்ணெய் நில ஊழல் ஒன்றை வெளிப்படுத்தியமைக்காக 1929 இல் புலிற்சர் பரிசு பெற்றவர் அவர். அந்தக் கட்டுரையிற் கோபமான அடைமொழிகளைக் குவித்து அவர் எழுதவில்லை. படம் தொடங்கும்பொழுது யார் எங்கே நிற்கின்றனர், அடுத்து என்ன தெரிகிறது, அதற்கடுத்து என்ன என்று காட்சி காட்சியாக அடுக்கிச் சென்றார். திரையில் ஓடாத படம் எழுத்தில் ஓடிற்று. நாட்டின் வேறு பத்திரிகைகளும் அதனை எடுத்துப் போட்டன. சம்பவம் நடந்து இரண்டு வாரங்களுக்கு மேற் கழிந்த பின்னரே, அது வேறு விதமாக நடந்திருக்கலாம் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் நுழைந்தது.

யூன் இறுதியிலும் யூலைத் தொடக்கத்திலும் குழு பகிரங்க விசாரணை நடத்தியது. பொலிஸ் அதிகாரிகள் சாட்சியம் அளித்தனர், படமும் திரையிடப்பட்டது. குழு பின்னர் அளித்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. சுடப்பட்டு இறந்த பத்துப் பேரில் எழுவருக்கு உயிர்போக்கிய குண்டு முதுகிற் பாய்ந்திருந்தது, மூவருக்குப் பக்கவாட்டில், முன்புறத்தில் ஒருவருக்கும் இல்லை. தாக்க வந்தவனுக்கு முதுகில் ஏன் காயம் என்ற கேள்விக்கு அடைமொழி எதுவும் வேண்டியதில்லை. ஆலையைக் கைப்பற்றும் நோக்கம் ஊர்வலத்தாருக்கு இருந்ததாகக் குழு காணவில்லை. வசைச் சொற்களும் பின்வரிசையிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த வீச்சுகளும் தவிர வேறு ஆத்திரமூட்டல் இல்லை என்றும், தேவைக்கு மிக மிஞ்சிய பலம் பிரயோகிக்கப்பட்டது என்றும் அது முடிவு செய்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். முக்கியமான கட்டத்திற் படப்பிடிப்பாளர் கமராவின் வில்லையை மாற்றிக்கொண்டிருந்தார். வாதம் நடப்பதைப் படம் காட்டுகிறது. பின்னர் சில விநாடி இடைவெளி. அதன்பின் ஜனங்கள் புறமுதுகிட்டு ஓடுவதைக் காட்டுகிறது. முதல் வெடி வெடித்த கணம் படத்தில் இல்லை. பொலிசார் பக்கம் பேசியோர் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டனர். படம் என்பது எல்லாவற்றையும் காட்டும் கண்ணாடி என்று நம்புவோர்க்கு இந்தச் சில விநாடிகள் நல்ல பாடம். அதே ஆண்டிற் சிக்காகோவில் மரண விசாரணை ஜூரர் அம்மரணங்களை நியாயப்படுத்தத்தக்க கொலை என்றே தீர்த்தனர். பொலிசாரில் ஒருவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. பரமவுண்ட் பின்னர் படத்தை வெளியிட்டபொழுது, அதனைப் பார்க்க எல்லாரையும்விட உரிமையுடைய சிக்காகோ மக்களுக்கு அதனைக் காட்டக்கூடாதென்று அந்நகரப் பொலிசாரே தடைவிதித்தனர். அக்காலத்தில் அந்நகரின் திரைப்படத் தணிக்கையும் பொலிசார் கையிலேயே இருந்தது.

இங்கே நம்முடைய மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். ‘சுட்டனர்’ என்று சொன்னால் அந்த வினைமுற்றே சுட்டவர் பலர், அவர் மனிதர் என்று காட்டிவிடுகிறது. தமிழ்ச் செய்வினையின் விகுதி செய்தவனை மறைக்க விடாது. எழுவாயை எழுதாது விட்டாலும் அது தோன்றா எழுவாயாய் நின்று தன்னைக் காட்டும் என்று பள்ளியிற் படித்திருக்கிறோம். அப்படியாயின் செய்தவரை மறைக்க விரும்புவோர் என்ன செய்யவேண்டும்? வினையையே கைவிட்டுப் பெயரிடம் போகவேண்டும். ‘துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டதில் நால்வர் பலியாயினர்’ என்று எழுதினால் துப்பாக்கி தானே எழுந்து தானே பிரயோகமாகிவிட்டது போலத் தோன்றும். ‘மோதலில் நால்வர் மரணம்’ என்றால் இன்னும் நல்லது; மோதலுக்கு இரு பக்கம் உண்டல்லவா, எப்பக்கம் யாரைக் கொன்றது என்று சொல்ல வேண்டியதில்லை. ‘நிலைமையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர ஆகக் குறைந்த பலம் பிரயோகிக்கப்பட்டது’ என்று சொல்லிவிட்டாலோ இறந்தவனும் காணாமற் போய்விடுகிறான். ஆங்கிலச் செய்தியை அவசரமாகத் தமிழாக்குவோர் இவற்றைத் திட்டமிட்டு எழுதுவதில்லை. அறிக்கையில் இருந்தது தமிழுக்கு வந்துவிடுகிறது. ‘ஊர்வலம்’ என்பதற்கும் ‘கும்பல்’ என்பதற்கும் இடையே உள்ள தூரமும் அத்தகையதே. ஊர்வலத்தைச் சுட்டால் ஏன் என்று கேட்போம். கும்பலைச் சுட்டால் எத்தனை பேர் என்று மட்டும் கேட்போம்.

சொல் மட்டுமன்று, எதிர்பார்ப்பும் செய்தியை ஆக்குகிறது. 1968 ஒக்ரோபர் 27 ஆந் திகதி வியட்நாம் யுத்தத்துக்கு எதிராக இலண்டனிற் பெரும் ஊர்வலம் ஒன்று நடந்தது. பெருங் குழப்பம் விளையும் என்று பத்திரிகைகள் வாரக்கணக்காக எழுதி வந்தன. அன்று பல்லாயிரம் பேர் பெரும்பாலும் அமைதியாகவே நடந்து சென்றனர்; குரோவ்னர் சதுக்கத்துக்குப் பிரிந்து சென்ற ஒரு சிறு பகுதியினருக்கும் பொலிசாருக்குமிடையே கைகலப்பு நேர்ந்தது. மறுநாட் பத்திரிகைகளில் முன்னுக்கு வந்தது அக்கைகலப்பே. லெஸ்ரர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மூவர் இதனை ஆராய்ந்து 1970 இல் ஒரு நூல் வெளியிட்டனர். முன்கூட்டியே கதை எழுதப்பட்டுவிட்டது. சம்பவம் அக்கதைக்கு ஏற்றதைத் தேடிக் கொடுத்தது என்பதே அதன் சாரம்.

வரிசை மாறினால் பொருள் மாறும் என்பதற்கு, இங்கிலாந்தின் தென் யோர்க்ஷயரிலுள்ள ஓர்கிறீவ் என்னும் இடத்தைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, 1984 யூன் 18 ஆந் திகதி, அங்கிருந்த கற்கரி ஆலையின் முன் ஆயிரக்கணக்கான மறியற்காரரும் ஆயிரக்கணக்கான பொலிசாரும் எதிர்நின்றனர். குதிரைப் பொலிசார் கூட்டத்துக்குள் பாய்ந்தனர், கற்கள் பறந்தன. அன்று மாலை பி. பி. சி. தொலைக்காட்சிச் செய்தியில் முதலிற் கற்கள் பறந்தன. பின்னர் குதிரைகள் பாய்ந்தன. படத்தில் ஒரு காட்சியும் பொய்யில்லை. எல்லாம் அன்று அவ்விடத்தில் எடுத்தவையே. முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் ஒட்டப்பட்டிருந்தது, அவ்வளவே. தாக்கியவர் தற்காத்தவராகவும் தற்காத்தவர் தாக்கியவராகவும் ஆவதற்கு அது போதுமானதாயிற்று.

அந்த மாலைச் செய்தியை மிகப் பலர் பார்த்தனர். 95 பேர்மீது கலகம் முதலான குற்றங்கள் சுமத்தப்பட்டன. கலகக் குற்றத்துக்கு ஆயுட் சிறைவரை விதிக்கலாம். ஓராண்டு கழித்து, 1985 இல் முதல் தொகுதியினரின் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபொழுது பொலிசாரே எடுத்திருந்த படம் அங்கே காட்டப்பட்டது. பொலிஸ் சாட்சியங்கள் குறுக்குவிசாரணையிற் குலைந்தன, வழக்குகள் கைவிடப்பட்டன. 1991 இல் தென் யோர்க்ஷயர் பொலிஸ், பொறுப்பை ஏற்காமலே, 39 பேருக்கு 425,000 பவுண் நட்டஈடு கொடுத்தது. காட்சிகளின் வரிசை மாறிப்போனது உண்மையே. செய்தியை அவசரமாகத் தொகுத்தபொழுது நேர்ந்த தவறு அது என்று பி. பி. சி.யும் அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. ஏழு ஆண்டுகள். அந்த ஒப்புதலை மாலைச் செய்தியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்? அச்சம்பவத்தைப் பற்றிப் பகிரங்க விசாரணை நடத்தப்படும் என்று பிரித்தானிய அரசாங்கம் அறிவித்தது 2025 யூலையில். அதாவது 41 ஆண்டுகள் கழித்து. அன்று வெளியில் நின்ற இளைஞர்கள் அப்பொழுது பேரப்பிள்ளைகளைக் கண்ட முதியவர்கள்; இறந்தோரும் பலர்.

செய்தியின் வெட்டு எப்பொழுதும் பொலிசாருக்கு நன்மையாகவே விழும் என்று நேயர்கள் எண்ணிவிடக்கூடாது. 1991 மார்ச் 3 ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ரொட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைப் பொலிசார் தடிகளால் அடித்ததை, எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் கைக்கமராவிற் பதிவு செய்தார். உலகெங்கும் தொலைக்காட்சிகள் அதனைத் திரும்பத் திரும்பக் காட்டின. ஆனால் தொடக்கத்திலுள்ள சில விநாடிகள் தெளிவில்லாதவை என்று பெரும்பாலான ஒளிபரப்புகளில் வெட்டப்பட்டன. அவ்விநாடிகளில் கிங் எழுந்து ஒரு பொலிஸ்காரர் இருந்த திசையில் விரைவதாகத் தெரிகிறது. நீதிமன்றத்தில் ஜூரர் முழுப் பதிவையும் பார்த்தனர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதனை மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லச் செய்தனர். 1992 ஏப்ரலில் பொலிசார் நால்வரும் தண்டனையின்றி வெளியேறினர். எல்லாவற்றையும் கண்டுவிட்டோம் என்று நம்பியிருந்த ஒரு நகரத்துக்கு அத்தீர்ப்பு விளங்கவே இல்லை. தொடர்ந்த கலவரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுஆண்டு மத்திய அரசின் வழக்கில் நால்வரில் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். வெட்டிய அச்சில விநாடிகளைக் காட்டியிருந்தாலும் அடித்தது அளவுக்கு மிஞ்சியதே என்று பார்த்தவர் பலரும் சொல்லியிருப்பர் என்பது என் அபிப்பிராயம். அப்படியிருக்க அவற்றை வெட்டியது ஏன் என்பதும் எனக்கு விளங்காத காரியம்.

2020 மே 25 ஆந் திகதி மின்னியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் இறந்தபொழுது பொலிஸ் விடுத்த முதல் அறிக்கை, கைதானவருக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டது போலத் தெரிந்தது என்றும் வைத்தியசாலையில் அவர் இறந்தார் என்றும் கூறியது. பொலிஸ்காரர் ஒருவர் ஒன்பது நிமிடத்துக்கு மேலாக அவர் கழுத்தின்மேல் முழங்காலை ஊன்றியிருந்தார் என்பது அதில் இல்லை. கடைத்தெருவுக்கு வந்திருந்த 17 வயதுப் பெண் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் அதனைப் பதிவு செய்து அன்றிரவே வெளியிட்டார். அறிக்கையின் ஆயுள் சில மணித்தியாலமாயிற்று. சிக்காகோவில் ஒரு மாதம், ஓர்கிறீவில் ஏழு ஆண்டு, இங்கே ஓர் இரவு. கமரா எல்லார் கையிலும் வந்துவிட்டதால் விளைந்த மாற்றம் இது. அப்பெண் அவ்வழியே வாராதிருந்தால், மறுநாட் செய்தியில் அந்த அறிக்கையே இருந்திருக்கும். நாமும் அதனை வாசித்து அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

சிக்காகோவில் எடுத்த அப்பழைய படச்சுருளுக்கு வருவோம். பாதுகாத்து வைக்கத்தக்க அருமையான படங்களின் பட்டியல் ஒன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வைத்திருக்கிறது. 1997 இல் லிப்பேர்ட் எடுத்த அந்தச் செய்திப்படமும் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. செனெற் குழுவின் அறிக்கை அச்சாகி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட காலம் அது. ஆராய்ந்தோர் பலர் அச்சம்பவத்தைப் படுகொலை என்றே எழுதி வந்தனர். பட்டியலில் அப்படத்துக்கு இடப்பட்டிருக்கும் பெயரில் உள்ள சொல், 1937 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதிப் பத்திரிகைகள் வழங்கிய அதே சொல்: ரிப்பப்ளிக் ஸ்ரீல் வேலைநிறுத்தக் கலகம்.